வெள்ளி இரவு பதினொன்று பதினெட்டு

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் அண்ணாச்சி, அந்த முனையில் பெஞ்சுக்குக் கால் ஆடுகிறது. குடையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். என்ன, வாரிசுச் சான்றிதழா? அப்படியென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். என்னைப் பதினொன்றுக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குற்றவாளியாக இல்லை, பயப்படாதீர்கள். சாட்சியாக. நான் என்ன, என் தேதிதான் சாட்சி. நான் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன், இந்த மஞ்சள் பையில்.

அதோ வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான் பாருங்கள். அவன்தான் திரவியம். லாட்ஜ் திரவியம். அவன் லாட்ஜுக்குப் பூட்டுப் போட்டு இருபது நாள் ஆகிறது. இன்றைக்கு இந்தப் பையில் இருக்கிற காகிதத்தை உள்ளே இருக்கிற அதிகாரி அம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்டால், லைசென்ஸ் ரத்து, அதற்கு மேல் போலீஸ் கேஸ். அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அதனால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தேதி தேதிதானே.

குற்றாலம் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து மலையை ஒட்டித் தெற்கே வந்தால் எங்கள் ஊர் பாறைக்குடி. எங்களுக்கும் ஓர் அருவி உண்டு, கூந்தல் அருவி. ஆனி ஆடியில் சாரல் அடித்து அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் ஊரில் பஜ்ஜி வேகும், எண்ணெய்க் கடை திறக்கும், வேன் ஓடும். அதனால் ‘சீசன் ஆரம்பித்துவிட்டது’ என்று யார் முதலில் சொல்கிறாரோ அவர்தான் எங்கள் ஊருக்கு ராஜா. நாற்பது வருஷமாக அந்த ராஜா திரவியம். தண்ணீர் விழுந்த காலையில் லாட்ஜ் மொட்டை மாடியில் ஆயிரம் வாலா வெடிப்பான். அதைக் கேட்டால்தான் ஊருக்கு சீசன். அதற்கு முன்னால் தண்ணீர் விழுந்தால் அது தண்ணீர் இல்லை.

நான் யார் என்று கேட்கவில்லையே நீங்கள். ஐயம்பெருமாள். தபாலாபீஸில் முப்பத்து நான்கு வருஷம் முத்திரை குத்தின கை இது. எந்த ஊர் தபாலாபீஸ் என்று சொல்ல மாட்டேன், காரணம் பிறகு புரியும். நான் குத்துகிற சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி தலையாட்டப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் வராது, கன்று பால் குடிக்காது. அந்த வீட்டம்மா என் காலில் விழுந்ததால், ஞாயிற்றுக்கிழமையும் போய் வெறும் காகிதத்தில் ஒரு மணி நேரம் குத்திக் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், கன்று இருந்தால் சாட்சி சொல்லும்.

தினமும் காலையில் முத்திரையைத் திறந்து எண்ணை மாற்ற வேண்டும். முந்தின நாள் எண்ணை எடுத்துவிட்டு அன்றைய எண்ணைச் செருக வேண்டும். ஒருநாள் ஒரு பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். வேலைக்கு விண்ணப்பம், கடைசித் தேதி முந்தின நாளோடு போய்விட்டது. கண்ணில் தண்ணீர். நான் என்ன செய்தேன், எண்ணை ஒன்று பின்னால் திருப்பினேன், குத்தினேன். அவன் இன்றைக்கு ஏதோ ஜில்லாவில் பெரிய அதிகாரி. கார் முன்னால் சைரன் போகிறதாம். அத்தனைக்கும் காரணம் இந்தக் கட்டைவிரல். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது அண்ணாச்சி. தேதி என்பது ஈயத்தில் வார்த்த எண். திருப்பினால் திரும்பும்.

சரி, கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு திரவியம் என்னை டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான், ‘என்ன ஐயம்பெருமாளு, இப்ப எதைக் குத்துதே, கொசுவையா?’ என்று. கடை முழுக்கச் சிரித்தது. வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது எனக்கு. அன்றைக்கே முடிவு பண்ணினேன். அடுத்த சீசனை அவன் வெடிக்கிறதுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

என் மருமகள் குழல்மொழி ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். அவளைப் பிடித்து ஒரு வெப்சைட் போடச் சொன்னேன். ‘கூந்தல் அருவி நிலவரம்’ என்று பேர். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு டார்ச்சோடு அருவிப் பாலம் வரை போவேன், தண்ணீரைப் பார்ப்பேன், வந்து போனில் நாலு வரி எழுதி ஏற்றிவிடுவேன். அவ்வளவுதான்.

தேதி போடுகிற விஷயத்தில்தான் அவளுக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்டை. முதலில் அவள் எழுதின கம்ப்யூட்டர் கோடில், எந்தப் பதிவைத் திறந்தாலும் இன்றைய தேதிதான் வந்தது. போன மாதம் எழுதினதும் இன்று, போன வாரம் எழுதினதும் இன்று. நான் சொன்னேன், ‘இது நல்லாத்தானே இருக்கு, எல்லாம் சுடச்சுட இருக்கு, இப்படியே விட்டுரு.’ அவள் தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். அடுத்து ‘மூன்று மணி நேரத்துக்கு முன்’ என்று வந்தது. யாருக்கு முன்? எதற்கு முன்? பால்காரன் சொல்கிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றேன். பிறகு நடுநடுவே சாய்வுக் கோடு போட்டு எண் மட்டும் வந்தது. எது நாள், எது மாதம் என்று நான் யோசிப்பதற்குள் சாரல் நின்றுவிடும்.

கடைசியில் நான் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். வட்டம். வட்டத்துக்குள் மேலே ஊர் பேர், நடுவில் கிழமையும் நாளும் மாதமும், கீழே மணி நிமிஷம். கறுப்பு மை கொஞ்சம் தேய்ந்த மாதிரி. அச்சு அசல் தபால் முத்திரை. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து கோடில் அதை வரவழைத்துவிட்டாள். ஒவ்வொரு பதிவின் தலையிலும் டப்பென்று முத்திரை விழும். எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணாச்சி. வட்டத்துக்கு இருக்கிற மரியாதை சதுரத்துக்குக் கிடையாது. முத்திரை போட்டு ஒன்று வந்தால் எங்கள் ஊர் ஜனம் மறுபேச்சுப் பேசாது.

ஜூன் மூன்றாம் தேதி. விடியற்காலை பாலத்துக்குப் போகிறேன், அருவி சலசலக்கிறது. மூன்று மணிக்குத் தண்ணீர் வந்ததாக வாட்ச்மேன் சொன்னான். ஓடி வந்து நாலு நாற்பதுக்கு ஏற்றினேன். ‘கூந்தல் அருவியில் தண்ணீர், சீசன் தொடங்கிற்று.’ ஆறு மணிக்குத் திரவியம் வெடித்தான். ஏழு மணிக்கு டீக்கடைக்காரன் என் வீட்டுக்கு ஓடி வருகிறான், கையில் போன். ‘பெரியவரே, தண்ணி வந்தது மூணு மணிக்கு. நீங்க முந்தின ராத்திரி பதினொன்னு பத்துக்கே எழுதியிருக்கீங்களே.’

நான் பார்த்தேன். முத்திரையில் ஜூன் இரண்டு, இரவு 11.10. எனக்கே திக்கென்றது. நான் எழுதியது விடியற்காலை. ஆனால் முத்திரை சொல்கிறதே. முப்பத்து நான்கு வருஷம் முத்திரையை நம்பச் சொன்னவன் நான், இப்போது நானே நம்பாவிட்டால் எப்படி? யோசித்துப் பார்த்தேன். முந்தின ராத்திரி எனக்கு இடது முழங்கால் வலித்தது. வலித்ததா? வலித்திருக்கும். அந்த வலி வந்தாலே மேற்கே எங்கோ தண்ணீர் திரள்கிறது என்று அர்த்தம். ஆக, எழுதியது கை, ஆனால் தெரிந்தது காலுக்கு. டீக்கடைக்காரனிடம் அடக்கமாகச் சொன்னேன், ‘ஏதோ, முழங்கால் சொல்லிச்சு.’

அவ்வளவுதான் அண்ணாச்சி. அதற்கப்புறம் அந்தத் திண்டாட்டத்தை என்ன சொல்ல. எண்ணெய்க் கடைக்காரர் ஒரு லிட்டர் பாட்டில் அனுப்பினார். நேந்திரம் சிப்ஸ் வந்தது. அல்வா வந்தது. ஒரு வேன்காரர் என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விடியற்காலை இரண்டு மணிக்கு மின்கம்பம் சாய்ந்தால் நாலரைக்கு எழுதுவேன், முத்திரை அதை முந்தின ராத்திரியில் கொண்டுபோய் வைத்துவிடும். மாடு ஈன்றதா, மரம் விழுந்ததா, எல்லாம் நடக்கும் முன்னே என் பக்கத்தில் இருக்கும். பெண்ணுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ‘அமைஞ்ச மறுநாள் விடியக்காலையில வாங்க, சொல்லுதேன்’ என்றேன். அதையும் பெரிய மனுஷ வார்த்தையாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

திரவியம் மொட்டை மாடியில் வெடிப்பதை நிறுத்திவிட்டான்.

குழல்மொழிதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ‘மாமா, நம்ம வெப்சைட் ஓடற மெஷின் வெளிநாட்டுல இருக்கு. அது கிரீன்விச் மணியைத்தான் வெச்சுக்கும். நான் தேதி எடுக்கற வரியில நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தச் சொல்ல மறந்துட்டேன். அஞ்சரை மணி நேரம் பின்னால காட்டுது. விடியக்காலையில நீங்க எழுதறது எல்லாம் முந்தின நாள் ராத்திரின்னு விழுது. என் தப்புதான். ஒரே ஒரு வரி, இப்பவே சரிபண்ணிடறேன்.’

நான் கேட்டேன், ‘இனிமேல் எழுதறதுக்குத்தானே?’ இல்லையாம். அந்த ஒரு வரியை மாற்றினால் பழைய பதிவுகள் அத்தனைக்கும் முத்திரை மாறிவிடுமாம். ஜூன் இரண்டு ஜூன் மூன்றாகிவிடும். நீங்களே சொல்லுங்கள், எண்ணெய் பாட்டிலை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பாதி தேய்த்தாகிவிட்டதே. ‘சீசன் முடியட்டும்’ என்றேன். அவள் என்னையே பார்த்தாள். ‘இது ஒருநாள் யாரையாவது கடிக்கும் மாமா’ என்றாள். படித்த பெண்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள்.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. விடியற்காலை நாலரைக்குப் பாலத்தில் நிற்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, நடுவில் கிளைகள் மிதக்கின்றன. மலைக்குள் ஒரு சத்தம், லாரி ஏற்றத்தில் இழுக்கிற மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது, காட்டாற்று வெள்ளம். முழங்காலே தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் திரவியத்தின் வேன் என்னைத் தாண்டி அருவிக்குப் போனது. கூட்டம் வரும் முன்னே தன் லாட்ஜ்காரர்களைக் குளிக்க வைத்துக் கூட்டி வருவது அவன் வழக்கம். முப்பத்தெட்டுப் பேர். பின் விளக்கு சிவப்பாகத் திருப்பத்தில் மறைகிற வரை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பார்வையிலேயே கேட்கிறீர்கள், புரிகிறது. கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாமே என்று. எப்படி அண்ணாச்சி? அவன் என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. நான் கையைக் காட்டி, அவன் நிறுத்தி, ‘அப்படியாவே, சரி’ என்று திரும்பிப் போய்விட்டால், எச்சரித்தது யார் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு அவனே சொல்லுவான், தண்ணீர் நிறத்தைப் பார்த்துத் தானே திருப்பிவிட்டேன் என்று. எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரையோடு இருக்க வேண்டும். நான் கத்துகிற ஆளில்லை, எழுதுகிற ஆள். அதனால் வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன், அதை யாரும் சொல்வதில்லை. நாலு நாற்பத்தெட்டுக்கு ஏற்றிவிட்டேன். ‘வெள்ளம் வருகிறது. யாரும் அருவிக்குப் போக வேண்டாம்.’

ஐந்து மணிக்கு வெள்ளம் இறங்கியது. சாவு இல்லை, அதற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பதினோரு பேர் பாறையில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கத்தினார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. திரவியம் இருக்கிறானே, அவன் இரும்புச் சங்கிலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கரைக்குத் தள்ளிவிட்டானாம். உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்துவிட்டதாம். எல்லாம் படம் காட்டுவதற்கு. ஆள் அப்படித்தான், ஒன்றாம் வகுப்பிலிருந்தே.

விசாரணைக்கு வந்தவர்கள் என் பக்கத்தைத் திறந்தார்கள். முத்திரை என்ன சொல்கிறது? ஜூலை பதினொன்று, வெள்ளி, இரவு 11.18. ஆக, வெள்ளம் வர ஆறு மணி நேரம் முன்னாலேயே ஊருக்கே எச்சரிக்கை போட்டாகிவிட்டது. லாட்ஜ் சொந்தக்காரர் அதை மதிக்காமல் முப்பத்தெட்டு உயிரை இருட்டில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். பூட்டு விழுந்தது. எனக்குப் பாராட்டுப் பத்திரம் தரப் போகிறார்களாம், பேரை எப்படி எழுத வேண்டும் என்று கூடக் கேட்டுக்கொண்டு போனார்கள். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை அண்ணாச்சி. அவர்கள் முத்திரையைப் படித்தார்கள். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

போன வாரம் திரவியம் வீட்டுக்கு வந்தான். கேட்டுக்குள் கூட வரவில்லை. இரண்டு கையிலும் கட்டு. சண்டைக்கு வருகிறான் என்று நான் நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் சொன்னான்:

‘ஐயம்பெருமாளு, நீ பதினொன்னேகாலுக்கே எழுதியிருக்கே. நான்தான் பாக்காம விட்டுட்டேன். உன் மேல உள்ள பொறாமையில உன் பக்கத்தைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். அந்த அம்மா காலு என் பாவம்டே. அதைச் சொல்லத்தான் வந்தேன்.’

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் தயாராக வைத்திருந்த நாலு பதிலும் வீணாகிவிட்டன. அன்றைக்கு எனக்கு மோர் கூட இறங்கவில்லை. வெயில். ஆடி மாதத்தில் இப்படி ஒரு வெயில் நான் பார்த்ததே இல்லை.

குழல்மொழி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் வந்து, ‘விசாரணையில நீங்க சொல்றீங்களா மாமா, இல்லை நான் வரியை மாத்தட்டுமா?’ என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அந்த முத்திரையில கை வெச்சே, இந்த வீட்டுல ஒரு பருக்கை சாப்பிட மாட்டேன்’ என்றேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்மேல் ரொம்ப மரியாதை.

அந்த முத்திரையை நீங்களும் பார்க்க வேண்டும். என் அச்சுத்தாள் பைக்குள் மடங்கிக் கிடக்கிறது, உங்கள் போனிலேயே திறங்கள். ‘கூந்தல் அருவி நிலவரம்’ என்று அடியுங்கள். வந்துவிட்டதா? கீழே இறங்குங்கள், வெள்ளம் என்று இருக்கும். மேலே வட்டத்துக்குள் என்ன போட்டிருக்கிறது, வாய்விட்டுப் படியுங்கள், அந்த வேப்பமரம் வரை கேட்கட்டும்.

என்னது?

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். சனிக்கிழமையா? பன்னிரண்டா? காலை 4.48?

இங்கே கொடுங்கள். இதைக் கொஞ்சம் தள்ளுங்கள், ஜூன் எங்கே, அந்த சீசன் பதிவு. மூன்றா. காலை 4.40. மின்கம்பம் சாய்ந்தது, அதுவுமா. ஒன்றைக்கூட விடவில்லை. என் போன் எங்கே, சட்டைப் பையில் ஏதோ சிணுங்கிற்று முன்னாலேயே, நான்தான் பார்க்கவில்லை. இதோ. பத்து முப்பத்திரண்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ‘மாத்திட்டேன் மாமா. ஆபீசுக்கும் லெட்டர் அனுப்பிட்டேன். உங்க சாப்பாட்டை மூடி வெச்சிருக்கேன்.’

அங்கே பாருங்கள், மரத்தடியில். யாரோ அவனுக்குப் போனைக் காட்டுகிறார்கள். கட்டுப் போட்ட கையால் அவனால் சரியாகப் பிடிக்கக்கூட முடியவில்லை. இந்தப் பக்கம் பார்க்கிறான். பார்க்கட்டும். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்.

என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வருகிறேன் ஐயா, வயசானவன், எழுந்திருக்க வேண்டாமா.

மணி என்ன அண்ணாச்சி? பதினொன்று இருபதா? நீங்கள் எத்தனை மணிக்கு வந்து உட்கார்ந்தீர்கள், பத்தே முக்கால் இருக்குமா? சரி, கேளுங்கள். அந்த வரியை மாற்றச் சொன்னதே நான்தான் என்று உள்ளே சொல்லப் போகிறேன். பால்யத் தோழன் அல்லவா, மனசு கேட்கவில்லை என்று சொல்லப் போகிறேன். உங்களைக் கூப்பிட்டு விசாரித்தால், நீங்கள் பத்து மணிக்கே வந்துவிட்டீர்கள், இந்தக் கிழவன் அப்போதே, பக்கம் மாறுவதற்கு முன்னாலேயே, உண்மை முழுவதையும் உங்களிடம் ஒப்பித்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முக்கால் மணி நேரம்தான் அண்ணாச்சி. அஞ்சரை மணி நேரமா கேட்டேன்?